நான்காம் மாடி கிளியர்

அலாரம் அடித்தபோது எங்களில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தில்லி வெயிலில் அது அடிக்கடி தானாகவே அலறும். கீழே யாராவது போய் நிறுத்துவார்கள். அன்றும் அப்படித்தான் நினைத்தோம். ஏ.சி. டக்ட்டிலிருந்து பழுப்பு நிறப் புகை மேஜைகளின் மேல் இறங்கிய பிறகுதான் ஓட ஆரம்பித்தோம்.

அந்த மாடிக்கு நான்தான் ஃபயர் வார்டன். நிர்வாகப் பிரிவில் செக்‌ஷன் ஆபீசர், ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தன. அரசு சார்ந்த அலுவலகம், பெயர் வேண்டாம். இதே வேலையில் இன்று இருக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டிரில் லீவு

அக்கவுன்ட்ஸ் பிரிவில் அமுதா என்ற பெண் இருந்தாள். கல்லூரியில் படிக்கும்போது பஸ் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலியில் வருவாள். வீடு அப்போது ஜங்புராவில், தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில். அம்மாவுக்கு நாலைந்து வீடுகளில் பாத்திர வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் தேர்வெழுதி வந்தவள்.

அவள் சேர்ந்தபோது வாசலில் சாய்தளம் போட்டது, டாய்லெட் கதவை அகலப்படுத்தியது, மேஜையை உயர்த்தியது எல்லாம் என் ஏற்பாடு. டைரக்டர் முதுகில் தட்டி “அச்சா காம் கியா” என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

அவ்வப்போது மாக் டிரில் என்ற தீ ஒத்திகை நடக்கும். எல்லாரும் படி வழியாக இறங்கி பார்க்கிங்கில் நிற்க வேண்டும். மேலே யாரும் மிச்சமில்லை என்பதற்கு அந்தந்த மாடி வார்டன் “கிளியர்” என்று சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்ன மாடிக்கு நல்ல பெயர். டிரில்லில் லிஃப்ட் கூடாது. அமுதாவைத் தூக்கி இறக்கினால் குறுகலான படியில் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் நின்றுவிடுவார்கள். எனவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். டிரில்லுக்கு முந்தின நாள் அவள் மேஜைக்குப் போவேன்.

“நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வாம்மா. லீவெல்லாம் போட வேண்டாம், நான் பாத்துக்கிறேன்.”

“டிரில்லா சார்? அரே, என்னையும் ஒரு தடவை இறக்கிப் பாருங்களேன். மூட்ட மாதிரி தூக்குங்க, கோவிச்சுக்க மாட்டேன்.”

“விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?”

“நெஜமா நெருப்பு வந்தா? அதுவும் உங்ககிட்ட பர்மிஷன் கேட்டுட்டுத்தான் வருமா சார்?”

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “மேடத்துக்கு மட்டும் டிரில் லீவு, மஜாதான்” என்று பொறாமையாகச் சொல்வார்கள். நான் அதைக் கருணை என்றே நினைத்திருந்தேன்.

உண்மையில் நெருப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒரு பிளான் இருந்தது. எழுதியவன் நான். படியிறங்க முடியாதவர்கள் ஃபயர் டோருக்கு அந்தப்புறம் படிக்கட்டு லேண்டிங்கில் காத்திருக்க வேண்டும். வார்டன் கீழே போய்த் தீயணைப்புக்காரர்களிடம் சொல்லி ஆள் அனுப்புவார். அதை ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை.

லேண்டிங்

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அவளை லேண்டிங்கில் விட்டேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், மறந்துடாதீங்க.”

“மறப்பேனாம்மா? கீழ போனதும் ஆள் அனுப்புறேன்.”

கூட்டம் முட்டி மோதி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பையன்கள் நின்று, “சார், தூக்கிடலாமா?” என்று இந்தியில் கேட்டார்கள். “தூக்கத் தெரியாம படியில விட்டீங்கன்னா எல்லாரும் உருளணும். போங்க” என்று விரட்டினேன். எங்களில் யாருக்கும் தூக்கத் தெரியாது என்பது உண்மைதான். தெரியாமல் வைத்திருந்தவன் நான்.

பார்க்கிங்கில் தீயணைப்பு ஆபீசரோடு டைரக்டர் நின்றிருந்தார். “ஆப்கா ஃப்ளோர்?” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

“ஃபோர்த் ஃப்ளோர் கிளியர், சார்.”

ஒவ்வொரு டிரில்லிலும் சொன்னது அப்படியே வாயில் வந்துவிட்டது. டிரில்களில் அமுதா இல்லாமலே எங்கள் மாடி முழுமையாக இருந்தது. எனவே அன்றும் என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தீயணைப்பு ஆபீசர் தன் ஆட்களைத் தீ பிடித்திருந்த பேஸ்மென்ட் பக்கம் திருப்பினார்.

அப்போது என் பையில் போன் அடித்தது. திரையில் அமுதாவின் பெயர். அப்போதுதான் அவளை மேலே விட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

“சார், கதவுக்கு அடியில புகை வருது. ஆள் அனுப்பிட்டீங்களா?”

டைரக்டர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார்.

“அனுப்பிட்டேம்மா. வந்துட்டிருக்காங்க. அங்கேயே இரு.”

“சரி சார்.”

போனை வைத்ததும் நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அவள் செத்துவிடுவாளோ என்ற பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்து வந்தது: இத்தனை பேர் முன்னால், சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டுமே. விசாரணை வரும். பென்ஷன் நிற்கும். இதையெல்லாம் அந்த இடத்தில், நாலாவது மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு தீயணைப்பு வீரரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று ஹோஸ் இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போனேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆபீசர்கோ போலோ”, ஆபீசரிடம் சொல் என்றார். ஆபீசர் நின்றது டைரக்டருக்குப் பக்கத்தில். கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, கடைசியில் அவர்களிடம் போனேன்.

“மேலே ஒருத்தர் இருக்காங்க” என்றேன்.

டைரக்டர் திரும்பினார். “நீங்கதானே கிளியர்னு சொன்னீங்க?”

“தப்பா சொல்லிட்டேன் சார். அமுதா லேண்டிங்ல இருக்கா.”

தீயணைப்பு ஆபீசர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் அமுதாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தேன். மறுபடியும் நின்றது.

அவளை வெளியே தூக்கி வந்தபோது மூக்கும் வாயும் கரியாக இருந்தன, உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. நாற்காலியை விட்டுத் தரையில் சரிந்து, கையை ஊன்றி ஊன்றிப் படிப்படியாக இறங்கியிருக்கிறாள். பாதி வழியில் மயங்கிக் கிடந்தாளாம். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரி

வராந்தாவில் அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீங்க ஆள் அனுப்பலன்னா எம்பொண்ணு இல்லீங்கய்யா.” நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

உள்ளே அமுதா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

“ஒண்ணு கேக்கணும் சார். நான் போன் பண்ணப்போ நெஜமாவே ஆள் அனுப்பியிருந்தீங்களா?”

“இல்லம்மா.”

கட்டுப் போட்ட உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பவே இல்லன்னு சொல்லியிருந்தா அப்பவே இறங்கியிருப்பேன் சார். படியில புகை கம்மியாதான் இருந்துச்சு. கையில எனக்குத் தாகத் இருக்கு, பலம் இருக்கு. நீங்க வர்றாங்கன்னு சொன்னீங்க, உக்காந்துட்டிருந்தேன்.” மூச்சு வாங்கினாள். “அம்மாகிட்ட சொல்லாதீங்க. உங்களைப் பெரிய மனுஷன்னு நெனைச்சிட்டிருக்கு.”

நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். கண்டனக் குறிப்போடு விட்டுவிட்டார்கள். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. அமுதா பல மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். இப்போது ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இருமல் வந்துவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். டிரில்லில் அவர்களைத்தான் முதலில் இறக்கிப் பழகுங்கள். நேரம் ஆகட்டும், நல்ல பெயர் போகட்டும். இரண்டாவது, மேலே இருப்பவர் போன் செய்து ஆள் வருகிறதா என்று கேட்டால், வராதபோது வருகிறது என்று சொல்லாதீர்கள். இல்லை என்று தெரிந்தால் தன் உயிருக்கு என்ன செய்யலாம் என்று அவரே முடிவு செய்வார். அமுதாவுக்கு அந்த நேரம் இருந்தது. “அங்கேயே இரு” என்று சொல்லி அதை நான் எடுத்துக்கொண்டேன்.