வகுப்பு கலைந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்

போன வருஷம் புரட்டாசி மாதம். எங்கள் ஊர், திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். வானம் பார்த்த பூமி. குதிரைவாலி விதைக்க உழுது போட்டுவிட்டு எல்லோரும் மழைக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டிய வயதில் எனக்கு ஒரு படிப்பு வந்து சேர்ந்திருந்தது. ‘தொழில் மேலாண்மை - ஓர் அறிமுகம்’ என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடம் கிடையாது, எல்லாம் போனிலேயேதான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பந்தியில் ரசம் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் படிப்பு ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். எங்கள் காட்டில் விளைகிற குதிரைவாலியை மூட்டை கட்டி, பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய் மெஷினில் உமி நீக்கி, புடைத்து, பாக்கெட் போட்டு அங்கேயே ஒரு கடைக்குக் கொடுப்போம். அந்த வருஷம் தை மாதம் மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் நாத்தனார் விழுந்துவிட்டாள். கால் எலும்பு விட்டுப்போனது. மூட்டை கிழிந்து பஸ் ஸ்டாண்டு முழுக்கக் குதிரைவாலி. வலியோடு காலைப் பிடித்துக்கொண்டு, “என்னையப் பாக்காதீங்கடி, அதை அள்ளுங்கடி!” என்று கத்தினாள். அன்றிலிருந்து தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள்.

இனிமேல் மூட்டை தூக்கி பஸ் ஏறுவதில்லை, ஊரிலேயே ஒரு மெஷின் போடுவது என்று முடிவு செய்தோம். பூட்டிக் கிடந்த பழைய சத்துணவுக் கூடத்தைக் கேட்டோம். தருகிறோம் என்றார்கள். ஆனால் திருச்சுழி யூனியன் ஆபீஸில், குழுவில் யாராவது ஒருவர் இந்தப் படிப்பை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டடம் அடுத்து கேட்டிருக்கிற குழுவுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் படித்த பிள்ளைகள் எல்லாம் விடிவதற்குள் மில்லு வேனில் ஏறிப் போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு எழுத்துத் தெரியாது. மிச்சம் நான்.

“மதினி இருக்காகல்ல! கல்யாணப் பத்திரிக்கை வந்தா அவுகதானே வாசிச்சுச் சொல்லுறாக” என்று நாத்தனார் போட்டுக் கொடுத்தாள்.

“பத்திரிக்கை வாசிக்கிறதும் இதுவும் ஒண்ணாடி?”

“அதுலயும் எழுத்து, இதுலயும் எழுத்து. சும்மா தலைய ஆட்டுங்க மதினி.”

ஆட்டினேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

திருச்சுழியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒரு தம்பி என்னைச் சேர்த்துவிட்டார். அவர் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்றேன். கடைசியில் ஒரு கடவுச்சொல்லைச் சொல்லி, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். நான் சொல்லவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் எனக்கே மறந்துவிட்டது. நல்லவேளை, அவர் என் போனிலும் பதிந்து வைத்திருந்தார்.

முதல் வகுப்பு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு என்று தகவல் வந்தது. நாத்தனார் கொதித்துப்போனாள்.

“வெள்ளிக்கிழம பத்தரைக்கா? ராகு காலம் பெறக்கிற நேரத்துலயா பள்ளிக்கூடம் வைப்பாக? படிச்சவுக வீட்டுல காலண்டர் கெடையாதா?”

அதனால் பத்து மணிக்கே நுழைந்துவிடுவது என்று தீர்மானித்தோம். ஊருக்குள் டவர் கிடைக்காது. கண்மாய்க் கரையில் மடைக்குப் பக்கத்தில் நிற்கிற ஒற்றைப் பனைக்கு அடியில்தான் கிடைக்கும். அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்தேன். நாத்தனார் அவள் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு துணைக்கு வந்தாள். தகவலோடு வந்திருந்த நீல எழுத்தை அழுத்தினேன். ‘காத்திருக்கவும், உங்களை உள்ளே அனுமதிப்பார்கள்’ என்று வந்தது. யார் வீட்டு வாசலிலோ நிற்பதுபோல் இருந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அப்படியே அசையாமல் காத்திருந்தேன்.

பத்தரைக்குத் திறந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாக முகங்கள். மூலையில் ஒரு கிழவி உர்ரென்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நான் என்று தெரிந்தது. நடுவில் பாடம் நடத்துகிற டீச்சர். சின்ன வயசு. பேச்சில் கோயமுத்தூர்ப் பக்கத்து இழுப்பு.

திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்துதல் என்று திரையில் எழுத்துகள் வந்தன. தமிழ்தான். ஆனால் முதல் சொல்லை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் படம் மாறிவிடும். அடுத்ததைப் பிடிக்கப் போனால் அதுவும் மாறிவிடும். ஓடுகிற பஸ்ஸில் போர்டு வாசிப்பதுபோல் தலை சுற்றியது. “புரிஞ்சுதுங்களா?” என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம், ஓகே, ஓகே என்று கீழே எழுத்தாக வந்து விழுந்தது. இத்தனை பேருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று டீச்சர், “திருச்சுழிப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கை தூக்கியிருக்கறீங்க, சொல்லுங்கம்மா” என்றார்.

யாரோ நம் ஊர்ப் பக்கத்து ஆள் இருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம். யார் பேசப்போகிறாள் என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். யாரும் பேசவில்லை.

“அம்மா, சிவப்புச் சேலை கட்டியிருக்கறீங்களே, உங்களைத்தானுங்க.”

“மதினி, ஒங்களைத்தான்!” என்று நாத்தனார் என் தோளில் இடித்தாள்.

“நான் எங்கடி கையத் தூக்குனேன்? கை மடியிலதானே இருக்கு!”

கையைத் தூக்காமலேயே போனில் ஏதோ பட்டு என் கை தூக்கியிருந்திருக்கிறது. அது எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. பேசச் சொன்னார்கள். என் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. எதை அழுத்த வேண்டும் என்று டீச்சரே பொறுமையாகச் சொன்னார். அழுத்தினேன். இப்போது கேட்டது. ஆனால் எனக்கு வார்த்தை வரவில்லை. அத்தனை முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஆடு ஒன்று கத்தியதுதான் மிச்சம். யாரோ சிரித்தார்கள்.

“பரவாயில்லீங்கம்மா. அடுத்த வெள்ளிக்கிழமை உங்களைப் பத்திச் சொல்லீருங்க. அதுக்குள்ள அறிமுகம் பண்ணிக்காதவங்க பேரை எடுத்துருவாங்க, அதுக்காகத்தான் சொல்றேன்.”

பேரை எடுத்துவிடுவார்கள் என்றதும் நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, ஆடு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டதென்று கம்பை ஊன்றி எழுந்தாள். காலை இழுத்து இழுத்து அவள் கரையிறங்கிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் டீச்சர், “இன்னைக்கு இது போதுமுங்க, நன்றி” என்றார். அவ்வளவுதான். ஒவ்வொரு முகமாக அணைந்தது. ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி வாங்கப் போன கடையில்கூட “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவோம். அவர்கள் “சரி, வாங்க” என்று சொல்ல வேண்டும். பாடம் சொல்லிக் கொடுத்தவரிடம் சொல்லாமல் எழுந்து போவதா? கூட்டம் கலையட்டும், டீச்சர் நம் பக்கம் திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எல்லோரும் போய் டீச்சரும் நானும் மட்டும் மிஞ்சினோம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து, வேறொரு போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“முடிஞ்சுதும்மா… இல்லம்மா, நல்லாவெல்லாம் இல்ல. எல்லாரும் ஓகே ஓகேங்கறாங்க. யாருக்குப் புரியுது, யாருக்குப் புரியலைன்னே தெரியல. செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்குது. மொத வகுப்பே இப்படி. எனக்கு இந்த வேலை ஆகாதாட்ட இருக்குதும்மா.”

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு நழுவிவிடலாம். ஆனால் அழுகிற பிள்ளையிடம் சொல்லாமலா போவது?

“தாயி… அப்ப நான் வாரேன்.”

டீச்சர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். “யாருங்க? அம்மா! நீங்க இன்னும் போகலீங்களா?”

“நீங்க ஒண்ணும் சொல்லலையே தாயி. சொல்லாமக் கொள்ளாம எப்பிடி எந்திரிச்சுப் போறது?”

“எல்லாரும் போயிட்டாங்களேம்மா.”

“போயிட்டாக. ஒருத்தரும் வாரேன்னு சொல்லல. என்ன கோவமோ.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார், “நான் போன்ல பேசினதைக் கேட்டீங்களா?”

“காது கேக்குதே தாயி, என்ன செய்ய?”

“செரி, உண்மையச் சொல்லுங்க. நான் நடத்தினது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?”

“ஒண்ணும் வெளங்கல.”

“எதுல இருந்து வெளங்கல?”

“வணக்கம் சொன்னீகள்ல, அதுக்குப் பெறகு.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்பாடா, ஒருத்தராவது சொன்னீங்களே!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தையெல்லாம் எடுத்துவிட்டு, எதற்காக இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று கேட்டார். பஸ், மூட்டை, நாத்தனார் கால், பூட்டிக் கிடக்கிற கட்டடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு முகம்தான் எதிரில் இருந்தது, அதனால் பேச வந்தது.

“அந்தக் குதிரைவாலிய யாரும்மா சாப்பிடறாங்க?” என்றார்.

“கடைக்காரருக்குக் குடுக்கோம்.”

“கடைக்காரரேவா அத்தனையும் சாப்பிடறாரு?”

இத்தனை வருஷமாகக் கொடுக்கிறோம். அது யார் வீட்டு அடுப்பில் வேகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

“அதைத் தெரிஞ்சுட்டு வந்து சொல்லுங்க. உங்க மொதப் பாடம் அதுதானுங்க.”

“இப்பப் பேசுனதே போதாதா தாயி, பேரை எடுக்காம இருக்க?”

“எல்லார் முன்னாலயும் பேசினாத்தான் கணக்குங்கம்மா, அது என் கையில இல்லீங்க. மத்தவங்க மூஞ்சியப் பாக்காதீங்க. என்னை மட்டும் பாருங்க. இப்பப் பேசின மாதிரியே பேசுங்க. செரிங்களா? போயிட்டு வாங்கம்மா.”

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். குழப்பம் தீரவில்லை. ஆனால் அதுவரை இருந்தது, எது விளங்கவில்லை என்றே தெரியாத குழப்பம். இப்போது கேள்வி என்ன என்றாவது தெரிந்துவிட்டது.

புதன்கிழமை நாத்தனாரோடு அருப்புக்கோட்டைக் கடைக்குப் போனேன். நான் தூணை ஒட்டி நின்றேன். எங்கள் பாக்கெட்டை எடுத்த ஓர் அம்மாவிடம் நாத்தனாரே கேட்டாள்.

“ஏம்மா, இதை யாருக்கு ஆக்கிப் போடுறீக?”

“வீட்டுல அவுகளுக்குச் சக்கரை. இதுதான் மூணு வேளையும். என்ன, கல்லு கெடக்குது. அன்னைக்குப் பல்லு போயிருக்கும், தட்டைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுட்டாக.”

நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. அருமையாகப் புடைக்கிறோம் என்று நினைத்திருந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரத்தில், “கல்லு பொறுக்குற மெஷினும் இருக்குமா மதினி? ஒங்க டீச்சரக் கேளுங்க” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பத்து மணிக்கே போய் உட்கார்ந்தேன். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சர் முகத்தை மட்டும் பார்த்தேன். பேரையும் ஊரையும் திக்கித் திக்கிச் சொன்னேன். பிறகு, “நாங்க குதிரைவாலி விக்கிறோம். அதுல கல்லு கெடக்குதாம். எங்களுக்கே தெரியாது. இன்னும் என்னென்ன தெரியாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்” என்றேன். அதற்கு மேல் ஓடவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் அணைவதற்கு முன்னால், “தாயி, அப்ப நான் வாரேன்” என்றேன். எங்கிருந்தோ ஓர் ஆண்குரல், “நானும் வர்றேங்க மேடம். எனக்கும் அந்த ரெண்டாவது படம் புரியலீங்க” என்றது. அப்புறம் இன்னொருவர். அன்றைக்கு டீச்சர் ஒவ்வொருவரிடமும் “போயிட்டு வாங்க” என்று சொல்லி முடிக்கவே வெகுநேரமானது. படிப்பு முடிகிறவரை அந்த வகுப்பு அப்படித்தான் கலைந்தது.

பாதி விளங்கி, பாதி விளங்காமல் நான் முடித்துவிட்டேன். சத்துணவுக் கூடத்துச் சாவி இப்போது நாத்தனார் முந்தானையில் இருக்கிறது. மெஷின் இன்னும் வந்து சேரவில்லை. ஒழுங்கமைத்தல் என்றால் என்னவென்று என்னைக் கேட்டால் இப்போதும் திணறுவேன். ஆனால் ஆபீஸோ பேங்க்கோ எங்கே போனாலும், தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து வரப்போகிற நேரத்தில் அந்த டீச்சர் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வருகிறது. “எனக்கு வெளங்கல” என்கிற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் எழுந்து போவதும், “வாரேன்” என்று சொல்லாமல் போவதைப் போலவே மரியாதை இல்லாத காரியம் என்று நினைத்து, மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறேன்.