எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது?

எனக்கு மகன் பிறந்தபோதே அக்கா பேரன் எடுத்துவிட்டாள். எங்களுக்குள் அத்தனை வயது வித்தியாசம். ஆனாலும் பௌர்ணமி கிரிவலத்தில் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் ஓடுவேன்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அன்று காலையோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள்.

“மலையே சாமிடீ. நடுவுல ஒண்ணுக்கு வந்தா எந்தப் பக்கம் திரும்பி உக்கார்றது? மூஞ்சியக் காட்டினாலும் தப்பு, முதுகக் காட்டினாலும் தப்பு” என்பாள்.

இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி ஒரு சித்திரை மாதம். அக்கா அறுபதைத் தாண்டியிருந்தாள். கிரிவலம் போய் வந்த மறுநாள் நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாக, எரிச்சலோடு. கைவைத்தியமாகக் கால் கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குளிர் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, ஊருக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அவர் முதலில் பார்த்தது அந்தக் கட்டைவிரலைத்தான்.

“வெரலுக்கு சுண்ணாம்பு வெச்சீங்க, சரி. கிட்னிக்குத் தண்ணி குடுத்தீங்களா?”

அக்கா என் காதருகே வந்தாள். “இன்னாடி சொல்றாங்க?”

“குண்டிக்காய்க்கா.”

“அது ஆட்டுக்கில்ல இருக்கும்?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “உங்களுக்கும் ரெண்டு இருக்குதும்மா. ரத்தத்துல இருக்கிற கழிவைத் தண்ணியில கரைச்சித்தான் அது வெளிய தள்ளணும். நீங்க குடிக்கலன்னாலும் வேலையை நிறுத்தாது, ஒடம்புல இருக்கிற தண்ணியையே எடுத்துக்கும். ஒண்ணுக்கு கம்மியாப் போனா கிருமி உள்ளயே தங்கிடும், அதான் எரிச்சலும் காய்ச்சலும். சின்ன வயசுல கொஞ்சத் தண்ணிய வெச்சே சமாளிச்சிச்சு. இப்ப அந்த சாமர்த்தியம் கம்மி. தாகமும் சரியாத் தெரியாது. நீர்ப்பை வேற, பாதி ரொம்பினதுமே அவசரம்னு கத்தும்.”

“அப்ப மலை சுத்தக் கூடாதுங்களா?”

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“மாத்திரைய முடிங்க, காய்ச்சல் போவட்டும். அப்புறம் தண்ணி குடிச்சிக்கினே நடக்கிறதா இருந்தா சுத்துங்க. இல்லன்னா ஊட்லயே கும்பிடுங்க.”

உடம்பு தேறியபின் வந்த பௌர்ணமி. மாலையிலேயே கிளம்பிவிட்டோம். நான் பாட்டிலை நீட்ட நீட்ட, கஷாயம் குடிப்பதுபோல் ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். பாதி வழியில், அடி அண்ணாமலை வந்ததும் நின்றுவிட்டாள். மலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வந்துடுச்சிடீ. திரும்பிடலாமா?”

அங்கிருந்த டீக்கடைக்காரம்மா அவள் நின்ற நிலையிலேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “பின்னாடி கக்கூஸ் இருக்குதுக்கா, போய்ட்டு வாங்க.”

“எந்தப் பக்கம் பாத்துக் கட்டியிருக்கீங்க?”

“மேஸ்திரி கட்டின பக்கம்தான். கதவச் சாத்திக்கினா மலை எங்கக்கா தெரியும்?”

அக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு விறுவிறுவென்று போனாள். வந்து கை கால் அலம்பி, மலையை நோக்கிக் கும்பிட்டுவிட்டு, “பாட்டில இப்படிக் குடு” என்றாள். மடமடவென்று குடித்தாள்.

“வழியில இன்னும் யார் ஊட்ல கக்கூஸ் இருக்குதுன்னு அந்தம்மாகிட்ட கேட்டுக்கினு வாடி” என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல முன்னால் நடந்தாள்.