தாய்வீட்டுப் பிரசவமும் சத்துமாவுக் கணக்கும்

எண்பதுகளின் கடைசியில் முடிச்சூரில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்தார்கள். பெருங்களத்தூரில் அது கிடையாது. இரண்டு ஊரிலும் பிறக்கும் குழந்தைகளின் எடையை ஒப்பிட்டு, மாவினால் பலன் உண்டா என்று பார்ப்பது தாம்பரத்திலிருந்த எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. வித்தியாசமே தெரியவில்லை. அப்படியே எழுதினால் மாவை நிறுத்திவிடுவார்கள்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். அம்மா போய்ப் பல வருடமாகியிருந்தது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து தலைவாரிக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும். முடிச்சூரில் அப்படி ஒருத்தியிடம், "மாவு ஒழுங்கா சாப்பிட்டியா?" என்றேன்.

"இன்னா மாவு அக்கா? போன வாரந்தான் வந்தேன். மாமியார் வூடு செங்கல்பட்டுல கீது."

சுருக்கென்றது. மாவு தின்ற மருமகள்கள் பிள்ளை பெற வேறு ஊர் போய்விட, மாவைக் கண்ணால்கூடப் பார்க்காத மகள்கள் இங்கே வந்து பெறுகிறார்கள். நாங்களோ பிறந்த ஊரை வைத்து எடை எழுதிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. அலுவலகத்தை நடத்திய சாரின் மனைவியே அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். சார் மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே கணக்குப் போட்டார்.

சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். உடனே முகம் மலர்ந்தது. "சிம்பிள்மா. அம்மா வீட்டுக்குப் போகாம புருஷன் வீட்டுலயே பெத்தவங்களை மட்டும் எடுத்துக்கலாம். சுத்தமான கணக்கு."

"போகாதவங்க யார் சார்? அம்மா இல்லாதவங்க. இருந்தும் அங்க சோத்துக்கு வழியில்லாதவங்க. காதல் கல்யாணம் பண்ணிட்டு அந்த வாசப்படி மிதிக்க முடியாதவங்க. எங்களை வச்சு ஊரையே எடை போடுவீங்களா?"

என் சத்தம் கூடிவிட்டது. சார் போட்ட கணக்கை அடித்துவிட்டு, மருமகள்களின் பட்டியலை எடுத்தார். மருமகள்களை அவரவர் தாய்வீட்டுக்கே தேடிப் போவது, அதுவரை மாவு தொடரட்டும் என்று எழுதுவது என முடிவானது.

அஸ்தினாபுரத்தில் ஒரு வீடு. முடிச்சூர் மருமகளின் பச்சைக்குழந்தையைத் துணியில் கட்டித் தராசில் தொங்கவிட்டேன். நல்ல எடை. ஒரு குழந்தையை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று தெரியும். ஆனாலும் மனசு நிறைந்தது. அவள் அம்மா எனக்கு மோர் கொண்டுவந்தாள்.

"இந்த வயித்தோட வெயில்ல சுத்திகினு கீறியே. அம்மா வூட்டுக்கு எப்போம்மா போற?"

"அடுத்த வாரம்" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.