சட்டியை வைத்துக்கொண்டு குனிய முடியுமா?

1. நான் சம்பத். மைசூரில் வழக்கறிஞர். பிசியோதெரபிஸ்ட் விஜயலட்சுமி மேடம் நேற்று மாலை காலமானார்.

2. நான் அவருக்கு உறவினன் அல்லன், அவரிடம் சிகிச்சை பெற்றவனும் அல்லன். என் தரப்புச் சாட்சியாக வந்து, என் வழக்கை என் கண்ணெதிரே தோற்கடித்தவர் அவர்.

3. கீழே எழுதுவது நான் நேரில் கண்டதும் கேட்டதும். கேள்விப்பட்டது ஒன்றே ஒன்று. அதை அந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில்... மைசூரில் லேஅவுட் லேஅவுட்டாக வீடுகள் எழும்பிய காலம். கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த சித்தாள் மாதம்மாள் சாரத்திலிருந்து விழுந்தார். வலது தோள் முறிந்தது. இழப்பீடு கேட்டு மனுப் போட்டார். நான் கான்ட்ராக்டரின் வக்கீல்.

என் கையில் இருந்த பலமான ஆவணம், ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி துறையில் வேலை பார்த்த மேடம் நிரப்பிய ஒற்றைப் பக்கப் படிவம்.

சாப்பிட முடிகிறதா? ஆம். தலை சீவ முடிகிறதா? ஆம். புடவை கட்ட முடிகிறதா? ஆம். முடிவு: அன்றாட வேலைகளுக்குத் தகுதியானவர்.

அதை வைத்துத்தான் டாக்டரும் சான்றிதழ் கொடுத்திருந்தார். அந்தப் படிவம் நின்றால், மாதம்மாளின் தோள் சட்டப்படி குணமான தோள்.

விசாரணை நாளில், தொழிலாளர் அலுவலக வராந்தாவில், மேடம் மாதம்மாளைப் பார்த்துவிட்டார். சும்மா விசாரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

"கை எப்படி இருக்கும்மா? எவ்வளவு மேல போகுது?"

"இம்புட்டுத்தானுங்க மேடம்." கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது.

"தலை சீவறேன்னு சொன்னீங்களே?"

"சீவறனுங்க. தலையக் குனிஞ்சு கைக்குக் குடுத்தர்றது. தலையில சட்டிய வெச்சுக்கிட்டுக் குனிய முடியுங்களா? குனிஞ்சா கலவை பூராவும் மேஸ்திரி மண்டையிலதான்."

மாதம்மாள் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

எச்சரிக்கையான வக்கீல் என்றால் அந்த நிமிடமே சாட்சியைத் தனியே அழைத்துப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை... படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்ற நம்பிக்கை.

விசாரணை கன்னடத்தில் நடந்தது. தமிழில் தருகிறேன். கேள்விகள் என்னுடையவை.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே?"

"என்னுடையதுதான்."

"இதில் எழுதியிருப்பது சரிதானே?"

"இல்ல சார். தப்பு."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல இருக்கற கேள்வியெல்லாம் வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு. இவங்க நாள் பூரா தலைக்கு மேல சட்டி ஏத்தி இறக்கறவங்க. அதை நான் கேக்கவே இல்ல. ஃபாரத்துல இல்ல, அதனால கேக்கல."

அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கோரும் உரிமை எனக்கு இருந்தது. கேட்க வாயும் திறந்துவிட்டேன்.

"ஸ்வல்ப... கொஞ்சம் இருங்க வக்கீல் சார், இன்னும் முடியல." பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "எழுதிக்குங்க சார். என் ரிப்போர்ட்டை நான் வாபஸ் வாங்கறேன். மறுபடி அளக்கறேன். சட்டியோட."

நான் உட்கார்ந்துவிட்டேன். அது என் கட்சிக்காரருக்கு நான் வைத்த குறை என்று யாராவது சொன்னால், மறுக்க மாட்டேன்.

மறு பரிசோதனை என் முன்னிலையில் நடந்தது. வெறும் சட்டியே தோளைத் தாண்டவில்லை. உத்தரவு மாதம்மாளுக்குச் சாதகமாக வந்தது.

சில வாரம் கழித்து மேடம் ஒரு துண்டுச் சீட்டோடு கோர்ட்டுக்கு வந்தார். படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்து அச்சடிக்கக் கேட்டிருக்கிறார், துறையில் மறுத்துவிட்டார்கள்.

"வக்கீல் சார், இங்க எதிர்ல ரப்பர் ஸ்டாம்ப் செய்வாங்க இல்ல?"

கூடப் போனேன். கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. 'இவர் செய்யும் வேலை என்ன? எதை, எந்த உயரத்துக்குத் தூக்குகிறார்?'

"ஆபீஸ் பேரு போடலையே மேடம்?" என்றார் கடைக்காரர்.

"பேரு வேண்டாம்ப்பா. கேள்வி போதும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு படிவத்தின் பின்பக்கமும் அந்த முத்திரை விழுந்தது. நோயாளி வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்து எழுதாத பயிற்சி மாணவர்களுக்கு மேடத்தின் கையெழுத்து கிடைக்காது.

இது மட்டும் கேள்விப்பட்டது. அப்போது மாணவியாக இருந்த சுமதி சொன்னது.

துறைத் தலைவர் கேட்டாராம்: "நம்ம வேலை கை எத்தனை டிகிரி தூக்குதுன்னு அளக்கறது. ஸ்டாம்ப் குத்த நீங்க என்ன சப் ரிஜிஸ்ட்ராரா?"

"அச்சடிச்சுக் குடுங்க சார், குத்தறதை நிறுத்திடறேன்."

அச்சடிக்கவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை மேடமும் நிறுத்தவில்லை.

இன்று காலை மேடத்தின் வீட்டில் மாதம்மாளைப் பார்த்தேன். கொள்ளேகால் வந்து பஸ் மாறி வந்திருக்கிறார். என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்க அன்னிக்கு எதிர்க்கட்சி வக்கீலுதானுங்களே?"

"ஆமாம்மா."

"பரவால்லீங்க. தோத்தவரும் வந்திருக்கறீங்க."

வலது கையாலேயே பூப் போட்டார். மேடத்தைக் கிடத்தியிருந்த பெஞ்சு தாழ்வானது. கை எட்டியது.

சுமதி கைப்பையிலிருந்து அந்த முத்திரையை எடுத்துக் காட்டினார். இப்போது தன் கிளினிக்கில் அவர்தான் பயன்படுத்துகிறார். "தேஞ்சு போச்சு சார்... கன்னட வரி விழறதே இல்ல."

வாங்கி வைத்திருக்கிறேன். நாளை கடை திறந்ததும் புதிதாகச் செய்யக் கொடுக்கிறேன். ஒன்றல்ல, ஆறு. சுமதியிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறாது.

உங்களிடம் கேட்க எனக்கு வேறு கேள்வி இல்லை, மேடம். நீங்கள் போகலாம்.

(ஒப்பம்)
சம்பத்,
வழக்கறிஞர், மைசூர்

சாட்சிகள்:
மாதம்மாள், ராமாபுரம் - பஸ் ஏறும் முன் படித்துக் காட்டினேன். "எல்லாஞ் சரிங்க. மேஸ்திரி மண்டைய மட்டும் எடுத்துருங்க, பாவம்" என்றார். எடுக்கவில்லை.
சுமதி, பிசியோதெரபிஸ்ட், மைசூர்