மச்சான் தோளில் புளிச்சோற்று அண்டா

மலையேற்றத்தில் எனக்குத் தனி ரசனை உண்டு என்று அலுவலகத்தில் பல வருஷம் நம்பவைத்திருந்தேன். உண்மையில் நான் ஏறியதெல்லாம் மனைவியின் அண்ணனைப் பழிவாங்க. நாலு புத்தகம் படித்த மனிதன் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை இதில் தொலைத்தான் என்று எழுதக் கூசுகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம். மாமனார் வீடு செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம். காணும் பொங்கலன்று அந்தக் குடும்பமே செஞ்சிக் கோட்டைமலை ஏறி, உச்சியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும். தலைப்பொங்கலுக்குப் போன நான் பாதி வழியில் அம்மன் கோயிலருகே பாறையோடு சாய்ந்துவிட்டேன். கொழுந்தியாள்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி மச்சான் சொன்னார்: "நீங்க இங்கியே குந்துங்க மாப்ள. பொம்பளைங்க எறங்கி வரசொல்ல கூட்டிக்கினு வருவாங்க."

அடுத்த பொங்கலில் அதே கொழுந்தியாள்கள் பார்க்க அவரை நாக்குத் தள்ளவைப்பது என்று அன்றே முடிவு செய்தேன். நான் வேலை பார்த்த திண்டிவனத்திலிருந்து பயிற்சி. முதலில் மயிலம் குன்று. ஆத்திரம் சூடேறுவதற்குள் உச்சி வந்துவிடும், பிரயோசனமில்லை. அப்புறம் செஞ்சிதான். அங்கே காதலர்கள் ஊர் கண்ணுக்குத் தப்ப ஏறினார்கள். மாணவர்கள் பாறையில் பெயர் கிறுக்க ஏறினார்கள். சிலர் சும்மா காற்றுக்காக. நான் ஒவ்வொரு படியிலும் மச்சானின் மண்டையை வைத்து மிதித்து ஏறினேன். அலுப்பே தெரியவில்லை.

மறு பொங்கலும் வந்தது. மாமியார் வீட்டு மரியாதைப்படி மாப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. சோற்று அண்டா மச்சான் தோளில்தான். அதை முடிந்தவரை கனமாக்கினேன்.

"அத்தை, உங்க வடைய மேல போய் சாப்பிட்டாத்தான் ருசி. கொஞ்சம் நெறையவே சுடுங்க."

பூரித்துப்போய் அண்டா விளிம்புவரை அடுக்கினார். மச்சான் அதைத் தோளில் ஏற்றும்போதே முனகினார். காதுக்கு நாதஸ்வரம்போல இருந்தது.

அடிவாரத்தில் அவர்கள் அவித்த மல்லாட்டைக் கடலை வாங்கிக்கொண்டிருந்தபோதே, யாரிடமும் சொல்லாமல் நான் கிளம்பிவிட்டேன். எங்கும் நிற்கவில்லை. உச்சிக்கு முதல் ஆளாகப் போய், மச்சான் தள்ளாடி வரும் அழகைப் பார்க்க வாகான பாறையைப் பிடித்து உட்கார்ந்தேன்.

யார் யாரோ வந்தார்கள். என் வீட்டார் வரவில்லை. எட்டிப் பார்த்தால், கீழே அம்மன் கோயில் மரத்தடியில் மொத்தக் குடும்பமும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது, நடுவில் அண்டா. பாரம் தாங்காமல் மச்சான் அதை அங்கேயே இறக்கியிருக்கிறார். சோறு நின்ற இடத்தில் சொந்தமும் நின்றுவிட்டது. பாரம் ஏற்றிய எனக்கு அது தோன்றவே இல்லை.

மேல்துண்டைக் கழற்றி வீசி வீசிக் காட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கீழே யாரோ அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி இலைக்குக் குனிந்தார்கள்.

இறங்கி வந்தபோது அண்டாவில் கடுகும் இரண்டு வறுத்த மிளகாயும் மிச்சம். மச்சான் மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி மட்டும் பதறி எழுந்தாள். "எங்க போனீங்க? இன்னும் கீழியே மூச்சு வாங்கிக்கினு இருக்கீங்கன்னுல்ல நெனச்சோம்! மேல எவனோ ஒருத்தன் துண்ட ஆட்டிக் கத்திக்கினு இருந்தான். கொரங்கு எதையோ புடுங்கிக்கினு போச்சு போல, பாவம்."