கொள்ளிடத்துப் பள்ளத்தில் இரண்டாவது மூச்சு

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் வருத்தமில்லை. தமிழ்மாறன் இன்றும் தஞ்சாவூரில்தான் இருக்கிறான். பொய் சொல்லிப் பிழைக்கத் தெரியாத ஆள். அவன் அழுதுகொண்டே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கன்று அவன் தம்பி தமிழரசன் கொள்ளிடத்தில் குளிக்க இறங்கினான். மணல் அள்ளிய பள்ளம் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்று நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. வைக்கோலில் ஓர் உருவம் செய்து கொளுத்திக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள் உறவுக்காரர்கள். அம்மா அம்சவல்லி ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"வைக்கோலையாடா நான் பெத்தேன்?"

அந்தக் கேள்வி தாங்காமல்தான் தமிழ்மாறன் புதுச்சேரி போய், தம்பியைத் தண்ணீருக்கடியில் தானே தேட ஸ்கூபா முக்குளிப்பு பழகினான். புதுச் சாமான் வாங்க வக்கில்லை. பட்டுக்கோட்டையில் சாமிதுரை என்பவரிடம் பழைய செட் ஒன்று கிடைத்தது. மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர், அதோடு தோளில் மாட்டும் ஜாக்கெட்.

"எம்பையன் ராம்கியோடதுங்க. அவன் வெளிநாடு போயிட்டான்."

சொல்லிக்கொண்டே சாமான்களைப் பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தார்.

புதுச்சேரி மெக்கானிக் இர்பான் ரெகுலேட்டரைப் பிரித்தார். உள்ளே உப்புப் படிந்து பச்சை பிடித்திருந்தது. சுத்தம் செய்து, ரப்பர் வளையங்களை மாற்றினார். பல்லால் கடித்துக்கொள்ளும் மவுத்பீஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை 7.10. வீட்டில் பெட்டியைத் திறந்தான். இன்னும் யாரும் வாயில் வைக்காத அந்தப் புது மவுத்பீஸில்... பல் பதிந்திருந்தது. ஆழமாக.

எலி கடித்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பம்ப்செட் தொட்டியில் இறங்கிச் சோதித்துப் பார்த்தான். மூச்சை விட்டான், குமிழி வந்தது. மூச்சை இழுத்தான். அப்போதும் வந்தது, வரக் கூடாத குமிழி.

இர்பானுக்குப் போன் போட்டான்.

"விட்டு விட்டு வருதாண்ணே? கசிஞ்சா நிக்காமல்ல வரும்..."

பங்குனியில் ஆறு வற்றியது. பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. கரையில் சித்தப்பா வீரையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருந்தா ஒரு சுண்டு சுண்டுடா. தூக்கிப்புடுறேன்."

மதியம் 2.40க்கு இறங்கினான். உள்ளே ஒரே கலங்கல். நீட்டிய கை தெரியவில்லை.

2.52.

ஸ்ஸ்ஸ்... குப் குப் குப். அவன் மூச்சுதான்.

ஒரு கணம் மூச்சை நிறுத்தினான்.

ஸ்ஸ்ஸ்... குப் குப் குப்.

காதோரம்.

கயிற்றுக்குக் கை போனது. அம்மா நினைவுக்கு வந்தாள். சுண்டவில்லை.

ஜாக்கெட்டின் தோள்வாரை யாரோ பிடித்தார்கள். மெல்ல... இழுத்தார்கள்.

போனான்.

ஒரு மரத்தூர். அதன் வேர். வேருக்குள்... எலும்பு.

இடுப்பில் வெள்ளி அரைஞாண். தம்பியுடையது.

தண்ணீருக்குள்ளேயே கதறினான்.

பக்கத்தில் அந்த இன்னொரு மூச்சும் விக்கி விக்கி அழுதது.

காரியம் நடந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அம்சவல்லி வயிறாரச் சோறு சாப்பிட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தமிழ்மாறன் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். சாமிதுரையிடம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளிநாடெல்லாம் இல்ல தம்பி. கேக்கிறவங்க வாயை அடைக்க அப்படிச் சொல்லி வச்சிருக்கோம். கடல்ல முங்கினவன் வரல. மூணாம் நாள் இந்தச் செட்டு மட்டும் கரை ஒதுங்குச்சு. ஒரு கொக்கிகூட அவுக்கல. எல்லாம் மாட்டினது மாட்டினபடி... உள்ள அவன் மட்டும் இல்ல."

பெரியவர் தமிழ்மாறனின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்களில் பயமே இல்லை.

"உங்க தம்பியக் காட்டிக் குடுத்தானே... தான் எங்க கிடக்கேன்னு ஏதும் சொன்னானா?"