ஃப்ளோரா போடாத கோலம்

ஃப்ளோராவுக்குக் கோலம் போடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிற வம்பெல்லாம் இதில்தான் தொடங்குகிறது. மந்தைவெளியில் எங்கள் கட்டடத்தில் நான் கீழ்வீடு, அவள் மேல்வீடு. பதினாறு வருஷமாக வாசலில் கோலம் போடுகிறவள் நான். காலையில் ஆபீசுக்கு ஓடும்போது கோலம் மிதிபடாமல் ஒரு தாண்டு தாண்டி, "சூடா, இன்னைக்கு என்ன டிசைன்?" என்று கேட்டுக்கொண்டே போவாள். பதிலுக்கு நிற்க மாட்டாள். என் பெயர் சூடாமணி. சூடா என்று சுருக்கியது அவள்தான். குணத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார்.

ஃப்ளோரா வீட்டில் டிசம்பரில் நட்சத்திரம் கட்டுவார்கள், குடில் வைப்பார்கள். கோலப்பொடி டப்பா அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அப்பா சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இரண்டு அத்தைகளும் டீச்சர்கள். இவளும் டீச்சராவாள் என்று எல்லாரும் நினைத்திருக்க, இவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அடையாறில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் புரோகிராம் எழுதித் தருகிற கம்பெனி. டோக்கன், படுக்கை, மருந்து எல்லாம் அதில் வரும். அவள் சேர்ந்தபோது டீமில் பதினோரு பேர். பத்துப் பேர் ஆண்கள்.

சேர்ந்த முதல் மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஃப்ளோரா எழுதியதைத் திரையில் போட்டுக் காட்டும்போது பாதியில் அது அப்படியே நின்றுவிட்டது. அறையில் ஒரு சத்தம் இல்லையாம். மேனேஜர் ரகுபதி இவளைத் திரும்பிப் பார்த்தாராம். இருபத்திரண்டு வயசு. அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் வாய் தானாகப் பேசியது.

"என்ன சார் பண்றது, கோலம் போட்ட கை. பாக்க அழகா இருக்கும், மழை வந்தா போயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். வந்தவர்கள், ரகுபதி, டீம் மொத்தமும். அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போகும்போது முதல் தடவையாக இவளையும் கூப்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் இவள் அவர்களுக்கு மச்சி. ஆண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற அந்த வார்த்தையைத் தனக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று அவளுக்கு அத்தனை பெருமை. "வாயிருந்தா வங்காளம் போகலாம்டி" என்று இந்தக் கதையை என்னிடமே நூறு தரம் சொல்லியிருக்கிறாள். நானும் சிரித்திருக்கிறேன். கோலம் போடத் தெரியாதவள் கோலம் போட்ட கை என்று சொன்னாளே, அதை நினைத்துத்தான் அதிகம் சிரித்தேன். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். அங்கே இருக்கிறவர்களிடமும் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு. ஒரு டீமுக்குத் தலைவி. ஆபீசில் மூத்த பெண் என்பதால் பெண்கள் புகார் கொடுக்கிற குழுவுக்கும் அவளையே தலைவியாகப் போட்டிருந்தார்கள். ஏழு வருஷத்தில் ஒரு புகாரும் வந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு கூட்டம், ஆளுக்கு இரண்டு சமோசா, ஒரு கையெழுத்து.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் மேலே போகாமல் நேராக என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு கவர்.

"பேரெல்லாம் சொல்லக்கூடாது சூடா. ரகசியம். ஒரு பொண்ணு, ஒரு பையன்னு வச்சுக்கோ" என்றாள்.

மூன்று நிமிஷத்தில் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பெண் தமிழ்நிலா, பக்கத்து டீமில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. மாதக் கடைசியில் வேலையை நிரந்தரம் ஆக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். அந்தப் பையன் செம்பியன். பையன் என்று பெயர், முப்பத்தைந்து வயசு இருக்கும். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வளர்ந்தவன், அந்தக் குடும்பத்திலேயே காலேஜுக்குப் போன முதல் ஆள். அவனை இன்டர்வியூ செய்து எடுத்தவளே ஃப்ளோராதான். அவள் பையன் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்து, விடிய விடிய நாற்காலி தூக்கியவன். கெட்டவன் என்று சொல்ல எனக்கே வாய் வராது.

புகார் இதுதான். அங்கே ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்துப் பார்த்து ஓரத்தில் குறிப்பு எழுதுவார்களாம். நிலா எழுதியதன் ஓரத்தில் செம்பியன் ஒன்பது இடத்தில் 'கோலம்' என்று மட்டும் எழுதியிருக்கிறான். என்ன தப்பு என்று எழுதவில்லை. போதாததற்கு, அந்த டீமில் எல்லாரும் இருந்த கூட்டத்தில், வெளியே தூறல் விழுந்ததும், "மழை வர்து, நிலா புரோகிராம உள்ள எட்து வைங்கப்பா" என்றிருக்கிறான். அறை முழுக்கச் சிரிப்பு. அடுத்த வாரம் அவள் ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்த படுக்கை ஒதுக்குகிற வேலையை எடுத்து வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள். கையில் வேலையே இல்லாதவளை யார் நிரந்தரம் ஆக்குவார்கள்?

கடைசி வரியை ஃப்ளோரா படித்துக் காட்டினாள். 'இந்த வார்த்தையை இந்த அலுவலகத்தில் ஆரம்பித்து வைத்தது யார் என்பதையும் குழு விசாரிக்க வேண்டும்.'

நான் அவளைப் பார்த்தேன். அவள் கவரைப் பார்த்தாள்.

"வேலியே பயிரை மேஞ்ச கதையால்ல இருக்கு" என்றேன். என் வாய் அப்படி.

"நான் என்னைப் பத்திச் சொன்னேன்டி! அவன் அவளைப் பத்திச் சொல்றான். ரெண்டும் ஒண்ணா? ஒண்ணுதானா? சொல்லேன்."

எனக்குத் தெரியவில்லை. முதலில், ஒரு வார்த்தைதானே, இதற்கெல்லாமா புகார் என்றேன். பிறகு அந்தப் பெண்ணின் வேலையை நினைத்து, அவன் பண்ணினது தப்புதான் என்றேன். பிறகு நாற்காலி தூக்கினவன் ஞாபகம் வந்து, பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கிறது என்றேன். கால் மணி நேரத்தில் மூன்று கட்சி மாறினேன். நடுவில், கோலம் என்ன அத்தனை மட்டமா, பதினைந்து புள்ளி வைத்து இழுத்துப் பார்க்கச் சொல்லு உங்கள் ஆபீஸ் ஆண்பிள்ளைகளை, என்று வேறு கத்தினேன்.

அவள் கேட்கவில்லை. கடைசியில் சொன்னாள்.

"நேத்து அந்த வார்த்தையை எங்க சிஸ்டத்துல தேடிப் பாத்தேன். அறுபத்து மூணு இடத்துல வருது. அறுபத்து மூணும் பொண்ணுங்க எழுதினது மேலதான் இருக்கு. ஒரு ஆம்பளை எழுதினது மேலகூட இல்ல."

"சரி."

"அதுல இருபத்தாறு நான் போட்டது."

"நீயா?"

"எல்லாருக்கும்தான் போடுறேன்னு நினைச்சுட்டிருந்தேன். சத்தியமா. பையங்க சொதப்பினதுக்கு என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? 'ராஜா, மூணாவது வரிய மறுபடி பாரு.' அவங்களுக்கு மட்டும் எந்த வரின்னு சொல்லியிருக்கேன் சூடா."

ஷீலா என்று ஒரு பெண் மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனாள். பிள்ளைக்கு ஸ்கூல் மாற்றம் என்று காரணம் சொன்னாளாம். அவள் கடைசியாக எழுதியதன் ஓரத்திலும் ஃப்ளோராவின் குறிப்பு இருந்தது: 'கோலம். மழைக்காலம் வருது.' அதற்குக் கீழே ஷீலா சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டிருந்தாள்.

"சிரிச்சிருக்காளே" என்று ஃப்ளோரா என்னிடம் கேட்டாள். "கோவம் இருந்தா சிரிப்பாளா?"

என் வேலையில் நான் பார்த்த ஒன்று உண்டு. ஊசியை எடுத்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் கையை இழுப்பார்கள். அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. ஊசி ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, அவர்களைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். மயங்கி விழுவது அவர்கள்தான். இதை அவளிடம் சொன்னேன். ஏதோ ஆபீஸ் கதை சொல்வது மாதிரிதான் சொன்னேன். அவள் கவரை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விசாரணை செவ்வாய்க்கிழமை. இனி வருவது ஃப்ளோரா எனக்குச் சொன்னது.

தலைவி நாற்காலியில் இவள். பக்கத்தில் வெளியிலிருந்து வந்த வக்கீல் ஜுவேரியா. இன்னொரு பக்கம் ரகுபதி. இப்போது அவர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார், குழுவிலும் இருக்கிறார். இரண்டு பேரையும் தனித்தனியாகத்தான் கூப்பிடுவது வழக்கம் என்று ஜுவேரியா சொன்னாராம். அவன் என்ன சொல்கிறான் என்று தானும் கேட்க வேண்டும் என்று சொல்லி நிலாதான் உள்ளே வந்து உட்கார்ந்தாளாம்.

செம்பியன் மறைக்கவில்லை. எழுதினேன், சொன்னேன், விளையாட்டாகத்தான் சொன்னேன், ஆபீசில் எல்லாரும் சொல்வதுதான் என்றான்.

"முதல்ல சொன்னது யாரு?" என்று ஜுவேரியா கேட்டார்.

அவன் ஃப்ளோராவை ஒரு தடவை பார்த்தான். அந்தக் கதையை அவளே அவனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள்!

"தெரில மேடம். நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

ரகுபதி போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஃப்ளோரா முதன்முதலில் அதைச் சொன்ன அன்று கூடவே இருந்தவர், முதல் ஆளாகச் சிரித்தவர் அவர்.

"தன் வேலை போற நேரத்துலயும் என்னைக் காட்டிக் குடுக்கல சூடா. அவன் மேல அப்படியே பாசமா வந்துச்சு. எதிர்ல அந்தப் பொண்ணு உக்காந்திருக்கா, எனக்கு அவன் மேல பாசம் வருது. அசிங்கமா இருந்துச்சு" என்று ஃப்ளோரா சொன்னாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் மேஜையில் முன்னால் இருந்த மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "நான்தான். முதல்ல சொன்னது நான்தான்" என்றாள்.

அறையில் ஒரு சத்தம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே அமைதி என்றாள். அதே பயம். அதே வாய். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அமைதியைத் தாங்க முடியாமல் தானாக வந்துவிட்டது.

"என்ன பண்றது, கோலம் போட்ட கை..."

ரகுபதி சிரித்தார். செம்பியன் அப்பாடா என்று சிரித்தான். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

நிலாவும் சிரித்தாள்.

வாய் நிறையச் சிரித்தாளாம். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஃப்ளோராவைப் பார்த்தபடி சிரித்தாளாம்.

"நிலா, நீ ஏன்மா சிரிச்சே?" என்று ஃப்ளோரா கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு நிற்கச் சிறிது நேரம் ஆனது. "தெரியல மேடம். எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஃப்ளோரா தலைவி நாற்காலியிலிருந்து எழுந்தாள். என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டு விசாரியுங்கள், என் பெயரையும் புகாரில் சேருங்கள், நான் எழுதிய அந்த இருபத்தாறு குறிப்பையும் நானே எடுத்துத் தருகிறேன் என்று ஜுவேரியாவிடம் சொன்னாள். செம்பியன் பின்னாலேயே படிவரைக்கும் வந்து, "இன்னா மச்சி இப்டி பண்ட்ட? நான்தான் சொல்லலியே" என்று கேட்டானாம். அவன் குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான் என்றாள்.

நிலாவுக்கு அவள் வேலை திரும்பக் கிடைத்தது. நிரந்தரமும் ஆகிவிட்டாள். செம்பியனுக்கும் ஃப்ளோராவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ரகுபதிக்கு ஒன்றும் வரவில்லை, சிரித்ததற்கெல்லாம் கடிதம் கிடையாது. ஃப்ளோராவை யாரும் இப்போது மச்சி என்று கூப்பிடுவதில்லை. மேடம் என்கிறார்கள். நிலாவும் பெரிதாக ஒட்டவில்லை, குட் மார்னிங் சொல்வதோடு சரி. நல்லது செய்தால் நாலு பேர் மதிப்பார்கள் என்று எங்கள் அம்மா சொல்வாள். அந்த நாலு பேர் எந்த ஊரில் இருக்கிறார்களோ.

போன வாரம் காலையில் நான் வாசலில் கோலத்தை முடித்து எழுந்திருக்கும்போது ஃப்ளோரா இறங்கி வந்தாள். வழக்கம்போலத் தாண்டி ஓடாமல் நின்றாள். டிசைனைக் கேட்கவில்லை.

"சூடா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு, முத மாசம், அந்த ஆஸ்பத்திரிக்காரங்க வந்தன்னைக்கு, நான் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்கல்ல?"

"ஆமா."

"நான் சிரிச்சேனாடி?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த அறையில் இல்லை. அவளை எனக்கு அப்போது தெரியவே தெரியாது. "பஸ்ஸு போயிடும், போ" என்றேன். அவள் கோலத்தின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கதையை அவள் நூறு தரம் சொல்லியிருக்கிறாள். நூறு தரமும் 'எல்லாரும் சிரிச்சாங்க' என்று சொன்னாள். தான் சிரித்ததாக ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.